செவலையின் முதுகில் குழந்தைவேலு மகள்

ஜித்ரா
4 மார்ச் 1951

தர்மலிங்கம் அண்ணனுக்கு அழகம்மா எழுதுவது.

நேற்று மத்தியானம் கடையின் பின்பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். சுங்கை பட்டாணி போலீஸ் ஸ்டேஷனிலிருந்து இங்கே மாற்றலாகி வந்த மலாய் மாத்தா-மாத்தா ஒருவர், ரொட்டி தின்றுகொண்டே முதலாளி ஹபீப் முகம்மதுவிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே துரைமார் கிளப்புத் திடலில் ஜிம்கானா குதிரைப் போட்டி நடந்ததாம். அதில் குதிரைக்காரர்களுக்கு என்று ஓர் ஓட்டமாம். கால்சட்டை போட்ட ஒரு தமிழ்ப் பெண் சேணம் இல்லாமல் ஏறி ஓட்டினாளாம். இரண்டாவதாக வந்தாளாம். எல்லைக் கோட்டைத் தாண்டியதும் உருண்டு விழுந்தாளாம், எல்லாரும் சிரித்தார்களாம். எந்தத் தோட்டத்துப் பெண் என்று முதலாளி கேட்டார். ஏழாங்கட்டை என்றார்.

ஏழாங்கட்டைத் துரைக்குக் குதிரைக்காரர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் வீட்டில் இருக்கிற வயசுப் பெண் என் மகள் இராசாத்தி ஒருத்திதான்.

அவள் அப்பாவைப் போலீஸ் கொண்டுபோனதும் லயத்து வீட்டைக் காலி பண்ணு என்றார்கள். எனக்கு இந்தக் கடையில் சமையல் வேலையும் அடுப்படிக்குப் பின்னால் ஒரு பாய் விரிக்க இடமும்தான் கிடைத்தது. பெண்ணை இங்கே எப்படி வைத்துக்கொள்வது என்று உங்களிடமும் அண்ணியிடமும் விட்டுவிட்டு வந்தேன். பத்திரமாக இருப்பாள் என்று விட்டேன். குதிரை மேல் ஏற்றி நாலு பேர் சிரிக்க விடச் சொல்லி விடவில்லை.

அந்த மாத்தா-மாத்தா சொன்னது பொய் என்று ஒரு வரி எழுதுங்கள்.

அழகம்மா

*

ஏழாங்கட்டைத் தோட்டம்
13 மார்ச் 1951

தங்கச்சி அழகம்மாவுக்கு,

உன் கடிதத்தைத் தோட்டத்து ஆபீஸ் கிராணி உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். அவசரகாலம் வந்ததிலிருந்து எல்லாக் கடிதத்துக்கும் அதுதான் கதி. கோபத்தைக் கொஞ்சம் அளந்து எழுது.

மாத்தா-மாத்தா சொன்னது பொய் இல்லை. எப்படி நடந்தது என்று எழுதுகிறேன், படித்துவிட்டுத் திட்டு.

துரை இப்போது குதிரையில் ரப்பர் மலை சுற்றுவதில்லை. பக்கத்துத் தோட்டத்துச் சின்னத் துரையைக் கம்யூனிஸ்டுக் காட்டுக்காரர்கள் சுட்ட பிறகு, இரும்புத் தகடு அடித்த காரில்தான் போகிறார். குதிரை இரண்டும் லாயத்தில் சும்மா நிற்கின்றன. நின்றே கிடக்கிற குதிரைக்குக் கால் வீங்கும், புத்தியும் கெடும். தினமும் நடத்தியாக வேண்டும். போன வருஷக் கடைசியில் அதில் ஒன்று, செவலை, என் பாதத்தை மிதித்து விரலை உடைத்துவிட்டது. அதிலிருந்து இராசாத்திதான் கம்பிவேலிக்கு உள்ளேயே அதைப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் லாயத்து ஜன்னலில் பார்க்கிறேன், மேலே உட்கார்ந்திருக்கிறாள். சேணம் இல்லை. பாவாடையை இழுத்துச் செருகியிருக்கிறாள்.

"இறங்குடி!" என்று கத்தினேன்.

"ஏன் மாமா, அது ஒண்ணும் பண்ணலையே" என்றாள்.

அன்றைக்கே இரண்டு முறை லோங்காங் சாக்கடையில் விழுந்திருக்கிறாள். உன் அண்ணி சேற்றைத் துவைக்கும்போதுதான் தெரிந்தது. துரைசாணியும் பங்களா வராந்தாவிலிருந்து பார்த்திருக்கிறார். என் கால் சரியில்லாததால் ஓட்டத்துக்கு அவளை அனுப்பலாம் என்றவர் அவர்தான். எனக்கு அது தப்பாகப் படவில்லை.

சிரித்தார்கள், அது உண்மைதான். ஆனால் விழுந்து எழுந்தவள் முதலில் ஓடிப்போய்ச் செவலையின் முன்னங்காலைத் தடவிப் பார்த்தாள். அதன் பிறகுதான் தன் முழங்கையைப் பார்த்தாள். அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. இதை உன் மாத்தா-மாத்தா சொல்லியிருக்க மாட்டார்.

முழங்கை ஆறிவிட்டது. உன் அண்ணி மருதம்மாள் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

தர்மலிங்கம்

*

ஜித்ரா
20 மார்ச் 1951

அண்ணனுக்கு,

கிராணி படிக்கட்டும். நன்றாகப் படிக்கட்டும். எழுதப் போவது அவருக்கும் தெரிந்த சங்கதிதான்.

செவலை என்று சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். அது எந்தக் குதிரை? வேலைநிறுத்தத்தின்போது துரை காலையில் ஆள் எடுக்கிற பெரட்டுக்கு எந்தக் குதிரையில் வந்தார்? ஆண்களும் பெண்களும் வெயிலில் நிற்க, அவர் மேலே உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் வேலைக்குப் போகச் சொன்னார். இராசாத்தி அப்பா முன்னே போய்க் கடிவாளத்தைப் பிடித்து, "கீழே இறங்கிப் பேசுங்க துரை" என்றார். கை ஓங்கவில்லை, வைது ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் அங்கேயே நின்றீர்கள், பார்த்தீர்கள்.

அடுத்த வருஷம் அவசரகாலச் சட்டம் வந்ததும் துரை போலீசுக்குச் சொன்ன முதல் பெயர் குழந்தைவேலு. விசாரணை இல்லை, கோர்ட்டு இல்லை. இன்றைக்கும் முகாமில் கம்பிக்குப் பின்னால் நிற்கிறார். நான் மாதத்துக்கு ஒரு முறை போய் முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அவர் எந்தக் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்து உள்ளே போனாரோ, அந்தக் குதிரை மேல் அவர் மகள் ஏறித் துரைக்கு வேடிக்கை காட்டுகிறாள். இதை அவரிடம் நான் எந்த வாயால் சொல்வேன்?

இனி ஏறக்கூடாது. நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அழகம்மா

*

ஏழாங்கட்டைத் தோட்டம்
17 ஜூன் 1951

அழகம்மாவுக்கு,

மூன்று மாதம் எழுதாமல் இருந்ததற்குக் கோபம் காரணமில்லை. எழுத நல்ல சேதி எதுவும் இல்லை.

நீ சொன்னபடி நிறுத்திவிட்டேன். அவள் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. பால்வெட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு உன் அண்ணியோடு ரப்பர் மரத்தில் பால் எடுக்கப் போகிறாள். வந்ததும் புல் அறுத்துக்கொண்டு வந்து லாயத்தில் போடுகிறாள். நிற்காமல் திரும்பிவிடுகிறாள். சாப்பாடு குறைந்துவிட்டது. நான் ஏதாவது கேட்டால், "ஒண்ணுமில்ல மாமா."

இப்போது எழுதுவது வேறு விஷயம். அலோர் ஸ்டாரில் செப்டம்பரில் பெரிய ஜிம்கானா நடக்கப் போகிறது. பட்டாளத்துக்காரர், போலீஸ்காரர், துரைமார், மலாய்க்காரப் பெரிய மனிதர்கள் எல்லாருக்கும் பொதுவாகக் குதிரைத் தாண்டல் போட்டி. துரைசாணிக்கு வயிற்றில் பிள்ளை, அவர் ஏற முடியாது. செவலை வேறு யாருக்கும் அடங்காது. அவர் லயத்துக்கே வந்து இராசாத்தியைக் கேட்டார். "நான் கத்துக் கொடுக்கிறேன். நீ செய்வே" என்றார்.

இராசாத்தி நிமிர்ந்து பார்த்து, "எங்கப்பாவைக் கேளுங்க" என்றாள்.

மூக்கை உடைக்கத்தான் அப்படிச் சொன்னாள். துரைசாணி அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கேட்கிறேன் என்று போனார். துரையை உட்காரவைத்து முகாமுக்குக் கடிதம் எழுத வைத்திருக்கிறார். உங்கள் மகள் என் குதிரையில் போட்டிக்குப் போக உங்கள் சம்மதம் வேண்டும் என்று. கிராணியே தட்டச்சு அடித்ததாக என்னிடம் சொன்னார்.

அடுத்து நீ மாப்பிள்ளையைப் பார்க்கப் போகும்போது அவரே கேட்பார். முன்கூட்டித் தெரிந்துகொள் என்று எழுதுகிறேன். அவர் வேண்டாம் என்றால் அதோடு விஷயம் முடிந்தது. நானும் வற்புறுத்த மாட்டேன்.

தர்மலிங்கம்

*

ஜித்ரா
8 ஜூலை 1951

அண்ணனுக்கு,

போய் வந்தேன்.

வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று நம்பிப் போனேன். துரையின் கடிதத்தை முகாம் ஆபீசில் எல்லாரும் படித்துவிட்டார்களாம். என்னைக் கண்டதும் இராசாத்தி அப்பா கேட்ட முதல் கேள்வி, "ஏன் எங்கிட்ட மறைச்சே?"

நான் அழுதேன். அவர் விடவில்லை. சுங்கை பட்டாணியில் நடந்ததை ஒன்று விடாமல் கேட்டார். எத்தனை பேர் ஓடினார்கள், வெறும் முதுகிலா, அந்தச் செவலையா. "அது கழுத்தை வெடுக்குனு இடது பக்கம் திருப்புமே, எப்படிப் பிடிச்சா?" எனக்கு என்ன தெரியும்? கீழே விழுந்து குதிரைக் காலைத் தடவினாள் என்று நீங்கள் எழுதியதைச் சொன்னேன். அவர் சிரித்தார். உள்ளே போன நாளிலிருந்து அவர் பல்லை நான் பார்த்ததில்லை அண்ணே.

காவல்காரன் நேரமாச்சு என்றபோது சொன்னார்.

"ஏறட்டும். ஆனா துரை குதிரை, துரை ஆளுன்னு ஏறக்கூடாது. மைக்கில கூப்பிடும்போது குழந்தைவேலு மகள் இராசாத்தின்னு கூப்பிடணும். அத்தனை ஆபீசர் முன்னாலயும் கூப்பிடணும். அதுக்குத் துரை ஒத்துக்கிட்டா எனக்குச் சம்மதம்."

அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். எனக்கு இன்னமும் சம்மதம் இல்லை. அடைபட்டுக் கிடப்பவர் பேரை ஆபீசர்கள் கூடிய இடத்தில் கத்திச் சொன்னால், வருகிற கொஞ்சநஞ்ச நல்லதும் வராமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. துரை ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்து மனசைத் தேற்றிக்கொள்கிறேன்.

நான் பார்க்க வரமாட்டேன். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அழகம்மா

*

ஏழாங்கட்டைத் தோட்டம்
26 ஆகஸ்ட் 1951

அழகம்மாவுக்கு,

துரை ஒத்துக்கொண்டார்.

முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை சொன்னதை நான்தான் வராந்தாவில் நின்று சொன்னேன். துரையின் முகம் செங்கல் மாதிரி ஆனது. "அவன் பேரையா? என் குதிரைக்கா?" என்று உள்ளே போய்விட்டார். ஒரு வாரம் லாயத்துப் பக்கம் வரவில்லை. பங்களாவுக்குள் புருஷனும் பெண்சாதியும் சத்தம் போட்டுக்கொண்டது புல்வெட்டுகிறவனுக்கும் கேட்டது. பிறகு ஒரு காலை வந்து, "பேரைக் கொடுத்துட்டேன், போ" என்றார். மனசு மாறியதா, போன வருஷம் பக்கத்துத் தோட்டத்துத் துரை வாங்கிய கோப்பை இந்த வருஷம் தனக்கு வேண்டும் என்ற ஆசையா, எனக்குத் தெரியாது. அந்த ஆசை பெரிதாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

உன் மகள் எப்படிக் கற்றுக்கொள்கிறாள் என்று நீ கேட்கவில்லை. நானே எழுதுகிறேன்.

ஸ்டோருக்குப் பின்னால், வேலிக்கு உள்ளேயே மண்ணெண்ணெய்த் தகரங்களை அடுக்கி, மேலே ரப்பர்க் கழி வைத்துத் தாண்டுகிறாள். முதல் மாதம் கழியைக் கண்டதும் செவலை நின்றுவிடும், இவள் மட்டும் தாண்டுவாள். உடம்பெல்லாம் கன்றிப்போய் மருதம்மாள் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டாள். கழியையே பார்த்துக்கொண்டு போனால் குதிரையும் கழியைப் பார்த்து நிற்கிறது என்று பிறகு கண்டுபிடித்தாள். இப்போது வேலிக்கு வெளியே தெரிகிற குனோங் ஜெராய் மலையைப் பார்த்துக்கொண்டே வருகிறாள். குதிரையும் தாண்டிவிடுகிறது. துரைசாணி நாற்காலியில் உட்கார்ந்தபடி முதுகு, முழங்கால், குதிகால் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இராசாத்தி "சரிங்க" என்பாள். சில நேரம் செய்வாள், சில நேரம் தன் இஷ்டம்தான்.

லயத்தில் பேச்சு இல்லாமல் இல்லை. துரை குதிரையில் ஏறுகிறவளைக் காட்டுக்காரன் குறித்து வைத்திருப்பான் என்று ஒருத்தன் சொன்னான். அதனால் வேலியைத் தாண்டி விடுவதே இல்லை. இன்னொரு பக்கம், மாலையில் தண்ணீர்க் குழாயடிக்கு வருகிற பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

போட்டி செப்டம்பர் 22, சனிக்கிழமை. ஜித்ராவிலிருந்து பஸ்ஸில் வந்தால் பக்கம்தான்.

தர்மலிங்கம்

*

ஏழாங்கட்டைத் தோட்டம்
21 செப்டம்பர் 1951

அழகம்மா,

அவசரமாக எழுதுகிறேன். குதிரையும் இராசாத்தியும் துரைசாணியோடும் அவர் ஆயாவோடும் புதன்கிழமையே லாரியில் அலோர் ஸ்டார் போய்விட்டார்கள். நானும் உன் அண்ணியும் இன்றைக்குப் பஸ்ஸில் போவதாக இருந்தோம். நேற்று மலையில் வேலை வாங்கிக்கொண்டிருந்த மண்டோரைச் சுட்டுவிட்டார்கள். உயிர் இருக்கிறது. தோட்டம் முழுக்கக் கர்பியூ, ஒருவரும் வாசலைத் தாண்டக்கூடாது. கெஞ்சிப் பார்த்தேன், விடமாட்டேன் என்கிறார்கள்.

செவலைக்கு மேளச் சத்தம் ஆகாது. திடலில் பேண்டு இருக்கும். முறை வரும்வரை யாராவது பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். அவளுக்கு அங்கே ஒருவரும் இல்லை.

அவர்களோடு போன துரை சேதி கேட்டு வந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் அலோர் ஸ்டார் போகிறார். இதை அவர் டிரைவர் கையில் கொடுக்கிறேன். ஜித்ரா பஸ்காரரிடம் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை காலைக்குள் உனக்குக் கிடைத்தால், போ.

தர்மலிங்கம்

*

ஜித்ரா
24 செப்டம்பர் 1951

அண்ணனுக்கு,

கர்பியூ எடுத்துவிட்டார்களா? மண்டோர் பிழைத்தாரா?

உங்கள் கடிதம் சனிக்கிழமை காலை அடுப்பு பற்றவைக்கும்போது வந்தது. படித்துவிட்டு மடியில் செருகிக்கொண்டு வெங்காயம் உரித்தேன். முதலாளி பெண்சாதி ரஹீமா அக்கா என்ன காகிதம் என்று கேட்டார். சொன்னேன். "இன்னும் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறியே!" என்று கத்தியைப் பிடுங்கி வைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரும் கிளம்பிவிட்டார்.

திடலில் எங்களை உள்ளே விட மாட்டேன் என்றார்கள். துரைசாணி தூரத்தில் பார்த்துவிட்டு ஆயாவை அனுப்பினார். மரத்தடியில் இராசாத்தி நிற்கிறாள். உங்கள் காக்கிக் கால்சட்டையை வெட்டிச் சின்னதாக்கிப் போட்டிருக்கிறாள், பின்னலைத் தலையில் சுற்றிக் குத்தியிருக்கிறாள். திட்டத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துப் போலீஸ் பேண்டில் பெரிய மேளத்தை அடித்தார்கள். செவலை பின்னங்காலில் எழும்பிவிட்டது. அவள் ஒரு பக்கம் தொங்குகிறாள். என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது அண்ணே, ஓடிப்போய் மறுபக்கம் கடிவாளத்தைப் பிடித்துவிட்டேன்.

"அம்மா, கண்ணைப் பார்க்காதே. காதைப் பாரு. காது முன்னால வந்தா பயமில்லைன்னு அர்த்தம்" என்றாள். வந்தாயா, சாப்பிட்டாயா, எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. காதையே பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம்.

அவள் முறை வந்தது. அறிவிப்புச் செய்தவர் ஒரு மலாய் கிராணி. "இராசாத்தி, அனாக் குழந்தைவேலு, ஏழாங்கட்டைத் தோட்டம்" என்றார். குழந்தைவேலு மகள் என்று அதையே இங்கிலீஷிலும் சொன்னார். பெயரைத் தப்பில்லாமல் சொன்னார். கூடாரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு போலீஸ் ஆபீசர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் என்னவோ கேட்டார். ரஹீமா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள்ளே ஓதிக்கொண்டிருந்தார்.

முதல் சுற்றில் ஒரு கழியும் விழவில்லை. அப்படி வந்தவர்கள் மூன்று பேர்தான். இவள், பட்டாளத்துக் கேப்டன், ஒரு மலாய் இன்ஸ்பெக்டர். கழிகளை உயர்த்திவைத்து மறுபடி விட்டார்கள். இன்ஸ்பெக்டர் இரண்டு கழியைத் தட்டிவிட்டார். இவள் ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டே வந்தாள். கடைசியில் செங்கல் சுவர் மாதிரி வர்ணம் அடித்த பெட்டிகள். செவலை அதன் முன்னே வந்து நின்றுவிட்டது. அவள் கழுத்து வரைக்கும் சரிந்துவிட்டாள். விழுந்தாள் என்றே நினைத்தேன். பிடரியைப் பிடித்து ஏறி உட்கார்ந்து, அடிக்கவில்லை, திட்டவில்லை, திருப்பிக்கொண்டு போய் மறுபடி வந்தாள். தாண்டினாள். கேப்டன் நிற்காமல் தாண்டிவிட்டார். அவருக்கு முதல், இவளுக்கு இரண்டாவது.

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. கைதட்டினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற நம் ஆட்கள் விசில் அடித்தார்கள்.

இப்போது எழுதுவதைக் கிராணி படித்தாலும் சரி. எல்லாம் முடிந்து செவலையை நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அவள் இன்னும் மேலேதான் இருக்கிறாள். துரை நடந்து வந்தார்.

"நீ குழந்தைவேலு பொஞ்சாதிதானே?"

"ஆமாங்க துரை."

"மகள் நல்லா ஓட்டுது."

"அவ அப்பா வெளியே வந்தா பார்ப்பார்" என்றேன். வாய் தானாகப் பேசியது. "நீங்க சொல்லித்தான் உள்ளே போனார். நீங்க சொன்னா வெளியே விடுவாங்களா?"

அவர் குதிரையின் காலைப் பார்த்தார். "அது என் கையிலே இல்லே."

"முன்னே இருந்துச்சே" என்றேன்.

அவர் திரும்பிக் கூடாரத்துப் பக்கம் போய்விட்டார். இராசாத்தி மேலிருந்து, "அம்மா" என்று மட்டும் சொன்னாள்.

இதனால் உங்கள் வேலைக்கு ஏதாவது வந்தால் எனக்கு எழுதுங்கள். மன்னிப்பு கேட்க மாட்டேன். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும்.

அழகம்மா

*

ஏழாங்கட்டைத் தோட்டம்
2 ஜூன் 1952

அழகம்மாவுக்கு,

மாப்பிள்ளை முகாமிலிருந்து வந்து சேர்ந்த சேதி கிடைத்தது. மருதம்மாள் லயம் முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். கிராணி உன் கடிதத்தை உடைக்காமலேயே கொடுத்தார். ஆள் இளைத்திருக்கிறார், வாரந்தோறும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், ஜித்ராவைத் தாண்டக்கூடாது என்று எழுதியிருந்தாய். பரவாயில்லை. உன் சமையலில் உடம்பு தேறிவிடும். ஹபீப் முகம்மது முதலாளி அவரைக் கடையில் சேர்த்துக்கொண்டதற்கு என் சலாமைச் சொல்.

துரை எழுதிக் கொடுத்துத்தான் விடுதலை வந்ததா என்று கேட்டிருந்தாய். விசாரித்தேன். கிராணிக்குத் தெரியவில்லை. துரைசாணியைக் கேட்டேன், பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வேறு பேச்சுப் பேசினார். துரையைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எழுதியிருக்கலாம், எழுதாமலும் இருக்கலாம். என் வேலைக்கு ஒன்றும் வரவில்லை.

இராசாத்தி ஜித்ராவிலிருந்து திரும்பி வந்துவிட்டாள். அப்பாவோடு இருந்துவிடு என்று நானே சொல்லித்தான் அனுப்பினேன். பினாங்குப் போட்டிக்கு அவரே போகச் சொல்லிவிட்டார் என்கிறாள். வந்த அன்றே கழியை ஒரு தகரம் உயர்த்திவிட்டாள். சுவர் மாதிரி பெட்டி அடித்துக் கொடு என்று தச்சனை நச்சரித்துக்கொண்டிருக்கிறாள்.

பினாங்குப் போட்டி அடுத்த மாதம் 12. மாப்பிள்ளைக்கு அனுமதி கிடைக்காது என்று எழுதியிருந்தாய். நீயாவது வா. பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறும் இடத்தில் நானும் மருதம்மாளும் காத்திருப்போம்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. பதினெட்டு வயதிலிருந்து குதிரைக்காரனாக இருக்கிறேன். எத்தனையோ ஓட்டம், எத்தனையோ ஜிம்கானா போயிருக்கிறேன். ஒன்றையும் முழுசாகப் பார்த்ததில்லை. ஒரு குதிரை உள்ளே போனால் அடுத்ததைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் நிற்பேன். கைதட்டுகிற சத்தம் கேட்கும், அவ்வளவுதான். சுங்கை பட்டாணியில் கால்விரல் உடைந்து எல்லைக் கோட்டுப் பக்கம் சும்மா உட்கார்ந்திருந்ததால் அவள் கோட்டுக்கு வந்த இடத்தை மட்டும் பார்த்தேன். அலோர் ஸ்டாரை உன் கடிதத்தில்தான் பார்த்தேன். பினாங்கிலும் கொட்டகைக்குப் பின்னால்தான் நிற்கப் போகிறேன். அதனால் நீ வந்து நன்றாகப் பார்த்து, போன முறை மாதிரி ஒன்று விடாமல் எழுது.

தர்மலிங்கம்

*

ஜித்ரா
9 ஜூன் 1952

அண்ணே,

வருகிறேன். ரஹீமா அக்காவும் வருகிறார். இராசாத்தி அப்பா இங்கே அடுப்பைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

செவலையை நான் பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் முன்னால் போய் உட்கார்ந்து பாருங்கள். இந்தத் தடவை நீங்கள் பார்த்து எங்களுக்கு எழுதுங்கள்.

அழகம்மா